மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தும் வயிறு கெட்டது ஏன்?

கேள்வி: பினாங்கு பாயான் பாருவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன், வயது 61. மகன் எடை குறைக்க வேண்டும் என்று பச்சை இலையாகச் சாப்பிட ஆரம்பித்ததும் வீடே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி வறுவலோடு சாலட் இலையும், பச்சை வல்லாரையைத் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த சம்பலும் வைத்தேன். திங்கள் இரவு 3 வயதுப் பேரனுக்குக் காய்ச்சலோடு வயிற்றால் போனது, அடுத்து மகனுக்கு. மருமகள் 5 மாதக் கர்ப்பிணி, நல்லவேளை அன்று ரசம் சோற்றோடு நிறுத்திக்கொண்டாள். கோழியைக் கழுவி முடித்த கையோடு கீரையை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் சிங்கிலேயே அரை மணி நேரம் ஊறவைத்துத்தான் எடுத்தேன். இவ்வளவு செய்தும் எப்படி? வினிகர் போதும் என்கிறான் மகன். மருமகள் இணையத்தில் ஏதோ காய்கறி கழுவும் திரவம் வாங்கிவிட்டாள். எது சரி? பாக்கெட்டில் வரும் சாலட்டைத் திரும்பக் கழுவ வேண்டுமா? மண்ணில்லாமல் வளர்க்கும் கீரை பாதுகாப்பா? இல்லை, பச்சை இலையே வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

பதில்: அம்மா, வினிகரையும் அந்தத் திரவத்தையும் விட எனக்குக் கண்ணில் பட்டது உங்கள் கடிதத்தின் நடுவில் வரும் ஒரு வரிதான். கோழியைக் கழுவி முடித்த கையோடு, அதே சிங்கில், கீரை. அன்று வயிற்றைக் கெடுத்தது எந்தக் கிருமி என்று மலப் பரிசோதனை இல்லாமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஞாயிறு மதியம் சாப்பிட்டு திங்கள் இரவு காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு என்றால் சால்மொனெல்லாவுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது (வயிற்றுக்குள் போய் 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் அது வேலையைக் காட்டும்), பச்சைக் கோழியில் அது இருப்பதும் சகஜம். கோழி எண்ணெயில் வெந்து சரியாகிவிட்டது. சிங்கில் கோழி விட்டுப்போனது இலையில் ஏறி, அடுப்புப் பக்கமே போகாமல் நேராகத் தட்டுக்கு வந்திருக்கலாம். இலை சந்தையிலிருந்தே அழுக்காக வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதற்கும் வருகிறேன்.

கோழியைக் கழுவவே கூடாது என்பதுதான் உணவுப் பாதுகாப்புத் துறையில் எல்லோரும் சொல்வது. கழுவுவதால் கிருமி சாவதில்லை, தெறிக்கிற தண்ணீரோடு குழாய்ப்பிடி, பக்கத்தில் காயும் தட்டு, உங்கள் சட்டைக் கை எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. கழுவாத கோழியைச் சமைத்தேன் என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அந்தக் குழம்பைத் தொடுவார்களா என்பது சந்தேகம்தான், அதனால் இதில் நான் சண்டைக்கு வரவில்லை. வரிசையை மாற்றுங்கள், அது போதும். முதலில் பச்சையாகச் சாப்பிடப் போகிற இலை, அதைக் கழுவி, துடைத்து, மூடி, குளிர்பெட்டிக்குள் வைத்தாகிவிட வேண்டும். கோழியின் பையைப் பிரிப்பதே அதற்கு அப்புறம்தான். கோழியைக் குழாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாக அலசிவிட்டு, சிங்க், குழாய்ப்பிடி, பலகை, கத்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இலைக்குத் தனிப் பலகை வையுங்கள். சமையல்கட்டில் தொங்குமே ஒரு துணி, கை துடைக்க, மேடை துடைக்க, தட்டு துடைக்க எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதைக் கொண்டு இலையைத் தொடவே வேண்டாம்.

சரி, உப்பும் மஞ்சளும். உப்புத் தண்ணீர் புழுவையும் பூச்சியையும் வெளியே வரவைக்கும், அதற்காகவே செய்யலாம். பாக்டீரியாவை அது கொல்லாது. ஒரு சட்டித் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சளும் கொல்லாது. வினிகர் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரை விடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கும், ஆனால் அதிலும் மிச்சம் இருக்கும், மகனிடம் பாதி சரி என்று சொல்லுங்கள். மருமகள் வாங்கிய திரவத்துக்குக் காசு போனதுதான் மிச்சம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த மாதிரி கழுவும் திரவங்களைப் பரிந்துரைப்பதே இல்லை, ஓடும் குழாய்த் தண்ணீர் போதும் என்றுதான் சொல்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பு கூடவே கூடாது, இலை அதைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், வயிற்றுப்போக்குக்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். சமையல் சோடாவைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். அது மேல்தோலில் இருக்கும் சில பூச்சிமருந்துகளைக் குறைக்க உதவும், அது வேறு கதை, கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவு போட்டும் ஏன் போகவில்லை என்றால், இலை அப்படி. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் மேல் மூச்சுவிடும் நுண்துளைகள் இருக்கின்றன, நரம்போரம் பள்ளம் இருக்கிறது, அறுத்த இடத்தில் சாறு கசிகிறது. கிருமி இந்த இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு பிசினையும் போர்த்திக்கொள்கிறது. நன்றாகக் கழுவினால் 100 கிருமியில் 90, சில சமயம் 99 கூடப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈ.கோலை ஓ157 என்கிற வகை 100க்கும் குறைவாக உள்ளே போனாலே ஒரு ஆளைப் படுக்க வைக்கப் போதுமானது, அதனால் மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. கழுவினால் குறையும், கொல்வது நெருப்பு மட்டும்தான்.

2006இல் அமெரிக்காவில் பாக்கெட்டில் அடைத்து விற்ற பசலை வகைக் கீரையில் இந்த ஓ157 வந்து 199 பேர் நோயில் விழுந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு வயல் வரை தேடிப் போனபோது, அங்கே சுற்றியிருந்த மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிக் கழிவிலும் அதே கிருமி இருந்தது. 2018இல் ரோமெய்ன் சாலட் இலை, 210 பேர், 5 மரணம். அந்தத் தடவை அரிசோனாவில் வயலுக்குப் பக்கத்தில் ஓடிய வாய்க்கால் தண்ணீரிலேயே கிருமி கிடைத்தது. 2006இல் விற்ற அந்தக் கீரை தொழிற்சாலையில் கழுவி அடைத்தது என்பதைக் கவனியுங்கள். வயலில் ஏறியதைத் தொழிற்சாலை கழுவிக்கூட எடுக்க முடியவில்லை என்றால், அரை மணி நேரம் ஊறவைத்த உங்களைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை. மருமகளிடம் இதைக் காட்டுங்கள்.

நம் ஊர்க் கதை என்ன? இங்கே சாலட் இலை, முட்டைக்கோஸ் எல்லாம் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து இறங்குகிறது, கோழி எரு நம் கீரைத் தோட்டங்களில் பழக்கமான உரம். நன்றாக மக்கிய எரு பிரச்சினையில்லை, மக்காத பச்சை எரு சால்மொனெல்லாவை நேராக இலைக்குக் கொண்டுவரும். அப்புறம் லாரி, மொத்தச் சந்தை, காலைச் சந்தையில் கோழிக் கடைக்கு ஒட்டினாற்போல் கீரைக் கடை, வாடாமல் இருக்க ஒரு வாளியில் கைவிட்டு அள்ளித் தெளிக்கிற தண்ணீர். அந்த வாளித் தண்ணீர் எங்கே பிடித்தது, எப்போது மாற்றியது என்று நான் கடைக்காரரைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே கொத்தமல்லி ஒரு பிடி சும்மா கொடுத்தார்.

வல்லாரைக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது ஈரமான இடத்தில், தரையோடு படர்கிற செடி, கால்வாய் ஓரம், வீட்டுப் பின்பக்கம் என்று எங்கும் வரும். சும்மா கிடைக்கிறதே என்று அங்கே பறித்ததைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். கழிவுத் தண்ணீர் மட்டுமில்லை, நத்தையும் ஓடில்லாத அட்டை நத்தையும் அந்த இலையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இருக்கிறது, அதன் குஞ்சு எலிக் கழிவு வழியாக நத்தைக்குப் போகிறது, சின்ன நத்தையொன்று தெரியாமல் இலையோடு வாய்க்குள் போனால் மனித மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி வரும். அடிக்கடி வருவதில்லை, ஆனால் தென்கிழக்காசியாவில் இருக்கிற நோய்தான் அது. இங்கேதான் உங்கள் உப்புத் தண்ணீருக்கு வேலை, நத்தை கழன்று வரும், அதற்கப்புறமும் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கட்டி விற்கிற ஊலாம் கட்டுக்கும், அதாவது பச்சையாகச் சாப்பிடுகிற இலைக் கட்டுக்கும், இதுவேதான். தொட்டியில் வீட்டிலேயே வளர்க்கிறோம் என்றால் பூனை அந்த மண்ணில் போகிறதா என்று பாருங்கள், பூனைக் கழிவிலிருந்து வரும் டாக்சோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது.

இனிமேல் எப்படிக் கழுவுவது என்று கேட்பீர்கள். முதலில் 20 விநாடி சோப்புப் போட்டு உங்கள் கை. ரப்பர் பேண்டை அவிழ்த்து, வேர்ப்பக்கத்தை வெட்டித் தள்ளி, சாலட் இலை, முட்டைக்கோஸ் என்றால் வெளி அடுக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, அழுகிய, நசுங்கிய இலையையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். ஊறவைத்தே பழக்கம் என்றால் சிங்கில் வேண்டாம், சுத்தமான சட்டியில் செய்யுங்கள். நிற்கிற தண்ணீரில் ஒரு கெட்ட இலை இருந்தால் கட்டு முழுக்க அதைப் பகிர்ந்துகொள்ளும், அதனால் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும், அரை மணி நேரமெல்லாம் தேவையே இல்லை. எடுக்கும்போது சட்டியைச் சாய்த்து வடிக்காதீர்கள், அடியில் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே விழும், கையால் இலையைத் தூக்கி எடுங்கள். புதுக் காகிதத் துண்டில் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். இலையை நறுக்குவது கழுவின பிறகுதான், முதலில் நறுக்கிவிட்டால் வெட்டுவாய் வழியாக அழுக்கு உள்ளே போகும். நாளைக்குத்தான் வேண்டும் என்றால் இன்றைக்குக் கழுவாதீர்கள், ஈரத்தோடு வைத்த கீரை சீக்கிரம் கெடும்.

குளிர்பெட்டி 5 டிகிரிக்குக் கீழே, கீரை மேல்தட்டில், கோழியும் மீனும் கீழ்த்தட்டில், சொட்டாதபடி டப்பாவில். வெட்டிய இலை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரி தாண்டிய வெயில் என்றால் ஒரே மணி நேரம்தான். பினாங்கில் மதியம் 32 தாண்டுவது ஒன்றும் அதிசயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, கார் டிக்கியில் பாக்கெட் சாலட்டும் கோழியும் ஒரே பையில் வேகிற காட்சியை நினைத்தால் எனக்கே வயிறு கலங்குகிறது.

பாக்கெட் சாலட்டில் ‘கழுவியது, அப்படியே சாப்பிடலாம்’ என்று அச்சிட்டிருந்தால் திரும்பக் கழுவாதீர்கள். கழுவினால் பெரிதாக எதுவும் குறையப் போவதில்லை, உங்கள் சிங்கிலிருந்து புதிதாக எதையாவது ஏற்றிவிடும் வாய்ப்புதான் அதிகம். அப்படி எழுதாத பாக்கெட்டைக் கழுவுங்கள். உப்பி நிற்கிற பை, உள்ளே தண்ணீர் கோர்த்து இலை வழவழவென்று ஆன பை, குளிர் அலமாரியில் இல்லாமல் வெளியே அடுக்கிய பை, இதெல்லாம் எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் வேண்டாம். மண்ணில்லாமல் வளர்க்கும் கீரையில் மண்ணும் எருவும் இல்லை என்பது உண்மையிலேயே ஒரு நல்ல விஷயம். ஆனால் எல்லாச் செடிக்கும் ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது, பறிப்பதும் அடைப்பதும் மனிதக் கை, நோரோ வைரஸ் மாதிரியானவை கையால்தான் வருகின்றன. கழுவிச் சாப்பிடுங்கள், விலையைப் பார்த்து அளவுக்கு மீறி நம்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எடை குறைக்கிற மகன் இருக்கிற வீட்டில் இது கட்டாயம் வந்து சேரும். முளைகட்டிய பயறு. பச்சையாகச் சாப்பிடுவதில் எனக்கு ரொம்பப் பயம் தருவது கீரையை விட இதுதான். கிருமி விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரும், முளைகட்ட நாம் கொடுக்கிற ஈரமும் சூடும் அதற்கும் அப்படியே பிடித்துப் போகும், எவ்வளவு கழுவினாலும் முளைக்குள் போனது வராது. 2011இல் ஜெர்மனியில் கிட்டத்தட்ட 4,000 பேர் நோயில் விழுந்து 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், விசாரித்துப் போனால் காரணம் முளைகட்டிய வெந்தயம், எகிப்திலிருந்து வந்த விதை. முளைப்பயறை ஆவியில் நன்றாக வேகவைத்துச் சுண்டல் போடச் சொல்லுங்கள், தாவுகேயையும் (கடையில் விற்கிற பயறு முளை) அடுப்பில் முழுசாக வதக்கிவிடுங்கள்.

ஆக, பச்சை இலையே வேண்டாமா? மகனுக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்ல உடம்பு உள்ளவர் மேலே சொன்ன மாதிரி கழுவிச் சாப்பிடலாம். பேரனுக்கும் மருமகளுக்கும் உங்களுக்கும் இப்போதைக்கு வேக வைத்தது மட்டும். பேரனுக்கு ஏன் என்றால் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத்தான் ஓ157 சிறுநீரகத்தைப் போய்ப் பிடிக்கும் ஆபத்து அதிகம். மருமகளுக்கு லிஸ்டீரியா. குளிர்பெட்டிக்குள் வைத்தாலும் வளர்கிற கிருமி அது, கர்ப்பிணிகளுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களை விடச் சுமார் 10 மடங்கு அதிகம், தாய்க்கு லேசான காய்ச்சல் மாதிரி வந்துபோய் பிள்ளைக்குப் பெரிய ஆபத்தாக முடியலாம். சாப்பிட்டுப் பல வாரம் கழித்துக்கூடத் தெரியும் என்பதால், கர்ப்பத்தில் காரணமில்லாத காய்ச்சல் என்றாலே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். உங்களையும் சேர்த்தேன், கோபப்படாதீர்கள், வயது ஏற ஏற இந்தக் கிருமிகளை உடம்பு தாங்குவது குறைகிறது.

வேகவைத்தால் சத்து போய்விடும் என்று மகன் சொல்வார். வைட்டமின் சியும் ஃபோலேட்டும் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பீட்டா கரோட்டின், கொஞ்சம் எண்ணெயோடு வெந்த கீரையிலிருந்துதான் உடம்புக்கு நன்றாகச் சேரும், வதங்கிய கீரை சுருங்கிவிடுவதால் பச்சையாகத் தின்பதை விட அதிகக் கீரையும் உள்ளே போகும். கீரைக் கடைசல், முருங்கைக்கீரைப் பொரியல், தேங்காய்ப்பால் சொதி என்று நம் சமையலில் முக்கால்வாசிக் கீரை ஏற்கனவே அடுப்பைப் பார்த்துத்தான் வருகிறது. வல்லாரைச் சம்பலை விட மனமில்லை என்றால் இலையைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, துவண்டதும் சுத்தமான கரண்டியால் எடுத்துப் பிழிந்து, அப்புறம் வெங்காயம், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பிசையுங்கள், ருசி பெரிதாக மாறாது. மறந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகு ரசத்தில் தூவுகிற கொத்தமல்லி, வதக்காமல் அரைத்துக் காலையிலிருந்து மேசையிலேயே இருக்கிற புதினாச் சட்டினி. கொத்தமல்லியைக் கொதி இருக்கும்போதே போடுங்கள், புதினாவை நன்றாக வதக்கி அரையுங்கள்.

வெளியே சாப்பிடும்போதும் மருமகளுக்கும் பேரனுக்கும் இதுவேதான், ஆவி பறக்க வருவதைச் சாப்பிடலாம், லக்சாவின் மேல் போடுகிற பச்சை இலையை ஒதுக்கச் சொல்லிவிடலாம், திறந்து வைத்த ஊலாம் தட்டு வேண்டாம். கடைக்காரர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும் என்று நம் மலேசியாவில் சட்டமே இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அந்த ஊசி டைபாய்டுக்கு மட்டும்தான்.

இன்னொரு முறை வயிற்றால் போனால், அதுவும் பேரனுக்கு என்றால், மருந்துக்கடையில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். எல்லோரும் கொடுக்கிற ஐசோடோனிக் பானம் வேண்டாம், சின்னப் பிள்ளை வயிற்றுப்போக்குக்கு அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. போக்கை நிறுத்துகிற மாத்திரையும், போன முறை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கும் கொடுக்கவே கூடாது, ஓ157 என்றால் இரண்டுமே நிலைமையை மோசமாக்கக்கூடும். மலத்தில் ரத்தம், 39 டிகிரியை ஒட்டிய காய்ச்சல், எதையும் உள்ளே நிறுத்த முடியாத வாந்தி, மூன்று நாளாகியும் நிற்காத போக்கு, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. இன்னொன்று, போக்கு ஆரம்பித்து ஒரு வாரம் வாக்கில், சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது பிள்ளை வெளிறிப்போய் சோர்ந்து கிடந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே போக வேண்டும், சிறுநீரகக் கோளாறு அப்போதுதான் தலைகாட்டும். மலப் பரிசோதனை எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள், என்ன சாப்பிட்டான், எப்போது, இன்னும் யாருக்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள், சாலட் பாக்கெட் குப்பையில் இருந்தால் எடுத்துப் படம் பிடித்துக் கொண்டுபோங்கள், அதில் இருக்கிற தேதியும் எண்ணும் அவர்களுக்கு வேண்டியிருக்கும்.